நாக்கு மரத்தால் நல்ல மருந்து

என்னைவிட முப்பது வயது மூத்தவன். செத்தும் போய்விட்டான். 'அவர்' என்றுதான் எழுத வேண்டும். எழுத மாட்டேன். அவனைப் பற்றி நல்லதாகச் சொல்ல என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது: அவனுக்கு மருந்து தெரியும். தெரியாமல் செய்தவனாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு குமட்டாது.

செஞ்சியில் எங்கள் வீட்டிலிருந்து ஆறு வீடு தள்ளி அவன் வீடு. நான் கல்யாணமாகி அந்தத் தெருவுக்கு வந்தபோது அவனைச் சைகோன் வைத்தியர் என்பார்கள். சைகோனில் ஒரு சீனாக்காரரின் மருந்துக்கடையில் பதினைந்து வருஷம் வேலை பார்த்தானாம். பிறகு பாண்டிச்சேரிக்குக் கப்பலேறி வந்தபோது, சின்னச் சின்ன இழுப்பறைகள் வைத்த ஒரு பெரிய மரப்பெட்டியைக் கொண்டுவந்தான். ஒவ்வொரு இழுப்பறை மேலும் சீன எழுத்து. அதைப் பார்க்கவே ஆட்கள் வருவார்கள்.

பொட்டலம் கட்டும்போது வேரை எடுத்து நாக்கால் ஒரு நக்கு நக்குவான். "சரக்கு சரியா இருக்குதான்னு பாக்கணும்ல" என்பான். நக்கியதை அப்படியே பொட்டலத்தில் போடுவான். வெற்றிலைச் சாறு கடைவாயில் நிற்கும். அதையும் அதே கையால் துடைப்பான். பழுப்பேறிய பெருவிரல் நகத்தால் தூளை அள்ளிப் போடுவான். அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போவார்கள். எனக்கு அந்தப் பக்கம் போனாலே சோறு இறங்காது.

அவன் வாயில் எப்போதும் ஒரு சொல் இருந்தது. 'வேல செய்யுது.' மருந்து சாப்பிட்டுவிட்டு நாலு முறை கொல்லைக்கு ஓடினேன் என்று ஒருத்தன் வந்து சொன்னால், "கசடு போவுது. வேல செய்யுது." நெஞ்சு படபடக்கிறது, தூக்கமே இல்லை என்றால், "ரத்தம் ஓடுது. வேல செய்யுது." கடைத்தெருவில் துணி வியாபாரம் செய்த ஒருத்தர் இருமலுக்கென்று அவனிடம் இனிப்பான வேர் ஒன்றை வாங்கி ஏழெட்டு மாதம் சாப்பிட்டார். இருமல் நின்றது. முகமும் காலும் உப்பிப்போயின. கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி விழும், எழும்பாது. நானே பார்த்தேன். "ஒடம்பு பூசுது மொதலாளி. ஒல்லியா இருந்தீங்க, இப்ப பாருங்க மாப்பிள்ள மாதிரி" என்றான். அவரும் சிரித்தார். அது அதிமதுரம். கொஞ்சமாகச் சாப்பிட்டால் தொண்டைக்கு நல்லது, மாதக்கணக்கில் தின்றால் உடம்பில் நீர் கட்டும் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அவனுக்கு அப்போதே தெரியும்.

அறுபத்திரண்டில் நம் நாட்டுக்குச் சீனாக்காரனோடு சண்டை வந்தது. தெருவில் பையன்கள் அவன் வாசலில் நின்று "சீனாக்காரா வெளிய வா" என்று கத்தினார்கள். மறுநாளே பச்சை பெயிண்ட் வாங்கிவந்து பெட்டி முழுக்க அடித்தான். எழுத்தெல்லாம் மறைந்தது. சில இழுப்பறைகளில் சிவப்பாக ஒரு பொட்டு இருந்தது, அதுவும் மறைந்தது. ஒரு வாரத்தில் சைகோன் வைத்தியர் மலை வைத்தியர் ஆகிவிட்டான். நம் சித்தர் ஒருத்தர் இங்கிருந்து சீனாவுக்குப் போய்ச் சொல்லிக்கொடுத்த வைத்தியம், வேரெல்லாம் செஞ்சிக்கோட்டை ராஜகிரி மலையில் தானே ஏறிப் பிடுங்கியது என்றான். ராஜகிரியில் முதல் நூறு படி ஏறினாலே அவனுக்கு மூச்சு வாங்கும். வேர் பாண்டிச்சேரியிலிருந்து பார்சலில் பஸ் கூரைமேல் வரும். அதை இறக்கும்போது பார்க்காதவர்கள் எங்கள் தெருவில் இல்லை. இருந்தும் நம்பினார்கள்.

மேல்சித்தாமூரிலிருந்து ஒரு நைனார் வீட்டம்மா தோல் அரிப்புக்காக அவனிடம் வருவாள். அவர்கள் ஜைனர்கள். கிழங்கு தின்ன மாட்டார்கள். பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டார்கள். எறும்பு ஒன்று தண்ணீரில் விழுந்தால்கூட எடுத்துக் கரையில் விடுவாள். அவள் ஒவ்வொரு முறையும் கேட்பாள், "இதுல வேர் இல்லியே? உசுரு ஏதும் இல்லியே?" அவன் கண்ணைக்கூடச் சிமிட்டாமல், "பூவும்மா. காஞ்ச பூ" என்பான்.

ஒருநாள் வெயிலுக்காக எங்கள் வீட்டில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். பொட்டலத்தைப் பிரித்து எனக்கும் காட்டினாள். பழுப்பாக, கண்ணாடிபோல மெல்லிய துண்டுகள். நான் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். ஆறு கால் இருந்தது. முதுகில் வெடிப்பு இருந்தது. சில்வண்டு உரித்துப்போட்ட தோல்.

"அம்மா, இது பூ இல்ல" என்றேன்.

அவள் அதை வாங்கிப் பார்த்தாள். எங்கள் வாசலிலேயே வாந்தி எடுத்தாள். இரண்டு மாதமாகக் குடித்திருக்கிறாள். நான் அவளைக் கைத்தாங்கலாக அவனிடமே கூட்டிக்கொண்டு போனேன், நாலு வார்த்தை கேட்கலாமென்று.

"வாந்தி எட்த்தாங்களா? நல்லது. பித்தம் வெளிய வருது. வேல செய்யுது" என்றான்.

"பூச்சியக் குடுத்துட்டு பூன்னு சொன்னியே" என்று கத்தினேன்.

"உரிச்சிப் போட்ட தோலுதானே? நானா கொன்னேன்? அரிப்பு நின்னுச்சா இல்லியா, அதச் சொல்லச் சொல்லு."

அரிப்பு நின்றிருந்தது. அதுதான் அவளை அழ வைத்தது. நாலு நாள் பச்சைத் தண்ணீரோடு கிடந்தாள் என்று கேள்விப்பட்டேன். பிறகு அவள் செஞ்சிப் பக்கம் வரவே இல்லை. 'உன் நோய்க்கு இது நல்லது, ஆனால் பூச்சி' என்று முதலிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அவள் வேண்டாமென்று எழுந்து போயிருப்பாள். அந்த ஒரு வார்த்தையைத்தான் அவன் யாருக்கும் சொன்னதில்லை.

இப்படி ஒருத்தனிடம் என் வீட்டு ஆளே போவார் என்று நான் நினைக்கவில்லை. என் மாமனாருக்கு முட்டி வலி. மல்லாட்டைக் கொல்லையில் காலம் முழுக்கக் குந்தி வேர்க்கடலைக்குக் களை எடுத்த கால். கட்டிலிலிருந்து எழுந்திருக்கவே ஆள் பிடிக்க வேண்டும். "எங்க நைனாவுக்கு அந்த வைத்தியர்கிட்டதான் கேக்கணும்" என்று அப்பாவுக்காக என் வீட்டுக்காரர் போய் ஒரு பொட்டலம் வாங்கிவந்தார். ஏதேதோ வேர், பட்டை, நடுவில் கறுப்பாக வில்லை வில்லையாக நறுக்கிய ஒன்று. எல்லாவற்றையும் நக்குகிறவன் அந்தக் கறுப்பு வில்லையை மட்டும் நக்கி நான் பார்த்ததில்லை. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

எனக்குத் தெரிந்த மாதிரி கசாயம் வைத்தேன். எட்டு டம்ளர் தண்ணீர் ஊற்றி, மிதமான நெருப்பில், ஒரு டம்ளராக வற்றும்வரை. அரை நாள் ஆகும். பத்து நாள் குடித்தார். கொஞ்சம் தேவலாம் என்றார். அந்த வாரம்தான் அவன் பார்க்க வந்தான்.

"நாக்கு மரத்துச்சா?" என்று மாமனாரைக் கேட்டான்.

"இல்லியே. கசக்குது, அவ்ளோதான்."

"ஒதடு?"

"ஒண்ணும் தெரியல."

என் பக்கம் திரும்பினான். "எவ்ளோ நேரம் கொதிக்கவெச்ச?"

"எட்டுக்கு ஒண்ணா வத்துற வரைக்கும்."

"அடிப்பாவி" என்று தலையில் கை வைத்தான். "மருந்த வேகவெச்சே கொன்னுட்டா உங்க மருமவ. சக்கையக் குடிச்சிக்கினு இருக்கிறீங்க. கொதி வந்ததும் எறக்கணும்மா. நாக்கு மரக்கணும். மரத்தாத்தான் நல்ல மருந்து."

மாமனார் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. காலையில் தேவலாம் என்று சொன்ன அதே ஆள், "அதான் ஒண்ணும் கேக்கலியா" என்று முட்டியைத் தடவிக்கொண்டார்.

மறுநாள் அவன் சொன்னபடியே கொதி வந்ததும் இறக்கினேன். மாமனார் குடித்துவிட்டு, "ஆங், மரக்குது" என்று சந்தோஷமாகச் சொன்னார். ஒரு சோறு வேகிற நேரம் ஆகவில்லை. உதடு, விரலெல்லாம் மரத்துப்போச்சு என்றார். பிறகு வாந்தி. உடம்பு முழுக்க வேர்வை. கையைப் பிடித்தால் நாடி தட்டித் தடுமாறி ஓடுகிறது. வீட்டுக்காரர் ஜட்கா பிடித்துவந்தார். கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் போட்டோம். டாக்டர் சின்ன வயசுக்காரர். நெஞ்சில் குழாயை வைத்தவர் முகம் மாறிவிட்டது.

"என்ன குடுத்தீங்க? பேர் என்ன? ஓடுங்க, யாராவது கேட்டுக்கிட்டு வாங்க."

வீட்டுக்காரர் மாமனார் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் ஓடினேன்.

அவன் சாவகாசமாகப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தான். "அந்தக் கறுப்பு வில்ல இன்னாது? பேரச் சொல்லு. மாமா சாவக் கிடக்குறாரு" என்றேன்.

"இந்த நாலு நாள்ல அகத்திக்கீர ஆக்குனியா?"

"பேரச் சொல்லுய்யா."

"ஆக்குனியா இல்லியா?"

ஆக்கியிருந்தேன். மாமனாரே கேட்டார், கொல்லையில் மரம் இருக்கிறது, பறித்து வதக்கிப் போட்டேன். அதுவும் மூன்று நாள் முன்னால். என் முகத்தைப் பார்த்தே கண்டுகொண்டான்.

"அகத்திக்கீர மருந்த முறிக்கும்னு சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும். பத்தியத்த ஒடச்சிட்டு எங்கிட்ட வந்து பேர் கேக்குறா. போ, போயி உம் புருசங்கிட்ட சொல்லு."

இவனிடம் பேசிப் பயனில்லை, அவன் பொண்டாட்டியைக் கேட்கலாம் என்று வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன். அவள் சாதுவான பொம்பளை, யாரோடும் அதிகம் பேச மாட்டாள். அடுப்பில் ஒரு மண்சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். அதே கறுப்பு வில்லை.

"யாருக்குக்கா இது?"

"அவருக்குத்தான். அவருக்கும் முட்டி வலிதானே. காத்தால வெச்சது. சாயந்தரந்தான் எறக்கணும்."

"எதுக்கு அவ்ளோ நேரம்?"

"வசநாபிம்மா அது. வெசம். நல்லா வேவலன்னா ஆளத் தூக்கிடும். நான் ஒரு துளி நாக்குல வெச்சிப் பாப்பேன். மரத்துச்சின்னா இன்னும் வேவலன்னு அர்த்தம்."

"ஊருக்கெல்லாம் கொதி வந்ததும் எறக்கச் சொல்றானே உம் புருசன்?"

அவள் அகப்பையை விடவில்லை. "சைகோன்ல அந்த மொதலாளி இப்பிடி இல்லம்மா. யாருக்கு ஆவாது, எவ்ளோ நேரம் வேவணும், கூட எதத் தின்னக்கூடாதுன்னு சொல்லி, வாங்குறவங்க அதத் திருப்பிச் சொன்னாத்தான் பொட்டலத்தக் கைல குடுப்பாரு. புள்ளத்தாச்சிக்கு ஆவாத மருந்து இருக்குற அறையில செவப்புப் பொட்டு வெச்சிருப்பாரு. இவரக் கேட்டா, 'மரக்கலன்னா எவன் திரும்பி வருவான்'னு சொல்றாரு. நான் இன்னா பண்றது?"

சட்டிக்குள் கையை விட்டு ஒரு வில்லையை எடுத்தேன். விரல் கொப்பளித்தது. அப்படியே ஓடினேன்.

பேர் தெரிந்ததும் டாக்டர் செய்ய வேண்டியதைச் செய்தார். இரண்டு நாள் கழித்து மாமனார் கண்ணைத் திறந்து கஞ்சி குடித்தார். "நாள் முழுக்க வேகவெச்சாலும் விஷம் குறையும், முழுசா போகாதும்மா. வீட்டுல வெக்காதீங்க" என்று டாக்டர் என் வீட்டுக்காரரிடமும் சொன்னார்.

என் வீட்டுக்காரர் வீட்டுக்கு வந்ததும் என்னிடம் கேட்டது: "கீர ஆக்குனியாமே?"

நடந்ததையெல்லாம் சொன்னேன். நேரே அவன் வீட்டுக்குப் போய்க் கேட்டார். அவன் பொண்டாட்டி கதவைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றாளாம். டாக்டர் சொன்னாரே என்றேன். "அவரு இங்கிலீஷ் மருந்துக்காரரு, அப்பிடித்தான் சொல்லுவாரு" என்றார். கீரை போட்டு மாமனாரைக் கவிழ்க்கப் பார்த்தவள் என்று தெருவில் என் பேர் நின்றது. கொல்லையில் இருந்த அகத்தி மரத்தை வெட்டினார்கள்.

ஒரு வாரம் போனது. மாமனார் என்னைக் கூப்பிட்டார். "பொண்ணே, போயி மருந்து வாங்கினு வா. இந்தவாட்டி கீர வேணாம்."

வாங்கிவந்தேன். முடியாது என்றால் என் வீட்டுக்காரர் வாங்கிவருவார், கொதி வந்ததும் அவரே இறக்குவார். வேறு வழி தெரியவில்லை. பொட்டலத்தை எருக்குழியில் ஆழமாகப் புதைத்தேன். சுக்கைத் தட்டிப் போட்டுக் கசப்புக்குக் கொஞ்சம் வேப்பம்பட்டை சேர்த்துக் கொதிக்கவைத்தேன். நாக்கு மரக்க வேண்டுமே. நாட்டுமருந்துக் கடையில் அக்கரகாரம் விற்பார்கள். பேச்சு வராத குழந்தைகளுக்குத் தேனில் குழைத்து நாக்கில் தடவுகிற வேர். கடித்தால் குறுகுறுவென்று நாக்கு மரக்கும். அதில் ஒரு சிட்டிகை போட்டேன்.

குடித்தார். "மரக்குது" என்றார். பதினைந்தாம் நாள் ஆள் பிடிக்காமல் எழுந்தார். ஒரு மாதத்தில் தடி ஊன்றி பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். சுக்குத் தண்ணீருக்கு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுடைய தந்திரத்தை நானும் செய்தேன், அதுவும் அவனைவிட நன்றாக.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. மாமனார் அவனுக்குச் சாட்சி ஆகிவிட்டார். பஸ் ஸ்டாண்டில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, காலைப் பிடித்துக்கொண்டு இறங்குகிற ஒருத்தரையும் விடமாட்டார். "எம் முட்டியப் பாரு. செத்துப் பொழச்சவன் நானு. போ அந்த வைத்தியர்கிட்ட. நாக்கு மரக்கும், பயப்படாத." அவர் அனுப்பின ஆட்களுக்கு அவன் சுக்கா கொடுப்பான்? வில்லையைத்தான் கொடுப்பான். அவர்கள் எந்த ஊருக்குப் போய் என்ன ஆனார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆறு மாதம் தெரியாமலேயே இருந்தேன். வாயைத் திறந்தால் வீட்டைவிட்டு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம்.

ஒரு அமாவாசை அன்று மேல்மலையனூர் போகிற கூட்டத்திலிருந்து இரண்டு பேரை வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டார். ஒரு தாய், அவள் மகள். மகளுக்கு ஏழு மாத வயிறு, இடுப்பு வலி. கையில் அவன் கட்டிக்கொடுத்த பொட்டலம்.

"எம் மருமவ நல்லா மருந்து வெப்பா" என்றார் மாமனார் பெருமையாக. "எப்பிடின்னு சொல்லிக்குடு பொண்ணே."

பொட்டலத்தை வாங்கிப் பிரித்தேன். கறுப்பு வில்லை நாலு கிடந்தது. வயிற்றுப் பிள்ளைக்காரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படியே வாசல் சாக்கடையில் கொட்டிக் காலால் மிதித்தேன்.

"இன்னாம்மா பண்ற?" என்று அந்தத் தாய் அலறினாள்.

"இது வெசம். இதக் குடிச்சித்தான் இவரு ஆஸ்பத்திரியில கெடந்தாரு" என்றேன். மாமனாரிடம் திரும்பினேன். "மாமா, ஆறு மாசமா நீங்க குடிச்சது சுக்குத் தண்ணி. நாக்கு மரக்குறதுக்கு அக்கரகாரம். அவன் மருந்து ஒரு துளி உங்க வாய்க்குப் போவல. எல்லாம் எருக்குழியில இருக்குது. தோண்டிப் பாருங்க."

வந்தவர்கள் போய்விட்டார்கள். மறுநாள் காலையில் அவரால் எழ முடியவில்லை. முட்டி வீங்கி மடங்க மறுத்தது. நடந்துகொண்டிருந்த மனுஷனை ஒரே வாக்கியத்தில் கட்டிலில் போட்டவள் நான். என் வீட்டுக்காரர் என்னோடு பேசவில்லை. மாமனாரும் பேசவில்லை.

மூன்றாம் நாள் அவன் வந்தான். நான் கொட்டினது அவன் காதுக்குப் போயிருக்கும். அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. கட்டிலருகே உட்கார்ந்து மாமனாரின் முட்டியை அந்த நகத்தால் அழுத்திப் பார்த்தான்.

"நிறுத்திட்டீங்களாமே? பாத்தீங்களா எப்பிடிப் புடிச்சிக்கிச்சி? குடிச்ச வரைக்கும் மருந்து வேல செஞ்சிருக்குது. இதுக்கு மேல இன்னா சாட்சி வேணும்?"

மாமனார் தலையாட்டினார். "கரெக்ட்டு" என்றார். "பொட்டலம் எட்த்தாந்திருக்கிறியா?"

"இதோ." மடியிலிருந்து எடுத்தான்.

மாமனார் அதை வாங்கி என்னிடம் நீட்டினார். மூன்று நாளுக்குப் பிறகு என்னோடு பேசினார். "பொண்ணே, இத அடுப்புல வெய்யி. கொதி வந்ததும் எறக்கி ஒரு டம்ளர் கொண்டா. எனக்கில்ல. வைத்தியருக்கு. அவருக்கும் முட்டி வலின்னு எம் புள்ளகிட்ட சொன்னியே."

அவன் சிரித்தான். "நான் காத்தாலயே குடிச்சிட்டேங்க."

"இன்னொருவாட்டி குடி. நாக்கு மரக்குதான்னு நான் பாக்கணும்."

"இல்லிங்க, அவலூர்பேட்டயில ஒருத்தரப் பாக்கணும், பஸ்ஸு வந்துடும்."

"கொதி வர எவ்ளோ நேரம் ஆவும்? ஒக்காருய்யா."

நான் அடுப்பை ஊதினேன். சட்டியில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டதுமே எழுந்துவிட்டான். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தான். வாசலைத் தாண்டும்போது எங்கள் படியில் எச்சில் துப்பிவிட்டுப் போனான். அதையும் நான்தான் கழுவினேன்.

அதற்கப்புறமும் அவன் பதினோரு வருஷம் வைத்தியம் பார்த்தான். வெளியூர் வண்டிகள் அவன் வாசலில் நின்றுகொண்டுதான் இருந்தன. எங்கள் தெருவிலிருந்து மட்டும் யாரும் போகவில்லை.

அன்று படியைக் கழுவிவிட்டு உள்ளே வந்தபோது மாமனார் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நோவுது" என்றார். "அந்தச் சுக்குத் தண்ணியே கொஞ்சம் போடு."

சரி மாமா என்றேன்.

"நாக்கு மரக்குறதெல்லாம் போட வேணாம்."